ஒலிப்பதிவுக் கூடமே வாத்தியமான காலம்

சைக்கடெலிக் பரிசோதனை இசையின் பொற்காலத்திலிருந்து கேட்டே ஆக வேண்டிய இசைத்தட்டுகள்

சைக்கடெலிக் இசையின் பொற்காலம் 1966-ல் தொடங்கி 1975 வாக்கில் முடிகிறது. அந்தப் பத்தாண்டுக்குள் லண்டன், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், கொலோன், பெர்லின், சாவோ பாவ்லோ, டோக்கியோ, இஸ்தான்புல் என ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்த நகரங்களில் இளம் இசைக்கலைஞர்கள் ஏறக்குறைய ஒரே காரியத்தில் இறங்கினார்கள். மேடையில் யாராலும் வாசித்துக் காட்ட முடியாத ஒலியை இசைத்தட்டில் உருவாக்கினார்கள். அதுவரை தட்டு என்பது கச்சேரியின் பிரதியாக இருந்தது. பாடகர் பாடுவார், குழு வாசிக்கும், மைக் அதை வாங்கி ஒலிநாடாவில் சேர்க்கும். இந்தத் தலைமுறையின் கையில் நாடாவும் கத்தரியும் எதிரொலிப் பெட்டியும் மின்சுற்றும் வாத்தியங்களாயின. ஒலிப்பதிவுக் கூடமே ஒரு பெரிய வாத்தியமானது.

இந்த இசை என்றதும் பூப்போட்ட சட்டை, சுழலும் வண்ண விளக்கு, எல்.எஸ்.டி. போதை ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவை அந்தக் காலத்தோடு போய்விட்டன. நிலைத்தது, கேட்கும் முறையில் அந்தக் கலைஞர்கள் கொண்டுவந்த மாற்றம். மூன்று நிமிடப் பாட்டு இருபது நிமிடப் பயணமாக விரிந்தது. பல்லவி திரும்ப வருமா என்று காத்திருந்த காது, ஒலியின் நிறத்தையும் அடர்த்தியையும் கவனிக்கப் பழகியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தட்டுகள் புதிதாக ஒலிப்பதற்கு அதுவே காரணம்.

மூன்று ஊற்றுகள்

இந்த இசைக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது, ஒலிநாடா இசை. பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் 1948-ல் ரயில் எஞ்சின் ஓசைகளைப் பதிவுசெய்து, வெட்டிக் கோத்து ஓர் இசைப்படைப்பாக்கினார். கொலோன் வானொலி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் ஒரு சிறுவனின் குரலையும் மின்னணு ஒலிகளையும் பின்னிப் பிணைத்த படைப்பை 1956-ல் முடித்தார். மார்ட்டன் சபாட்னிக், ரமோன் செண்டர், பாலின் ஒலிவெரோஸ் முதலியோர் இயங்கிய சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டர் 1962-ல் உருவானது. டெர்ரி ரைலியின் 'இன் சி' 1964 நவம்பரில் அங்கேதான் அரங்கேறியது. 53 சிறு சொற்றொடர்களை ஒவ்வொரு கலைஞரும் தமக்குப் பிடித்த எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப வாசித்து நகர்வது அதன் அமைப்பு. எத்தனை பேர் வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது என்ற வரையறை அதில் இல்லை.

இரண்டாவது ஊற்று, கட்டற்ற ஜாஸ். ஒரே சுரவரிசைக்குள் நெடுநேரம் அலைந்து திரியும் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோன், ராக் கிட்டார் கலைஞர்களுக்குப் புதிய வழியைக் காட்டியது. பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் 1966-ல் வெளியான 'எய்ட் மைல்ஸ் ஹை' பாட்டில் தம் 12 தந்திக் கிட்டாரைக் கோல்ட்ரேன் பாணியிலேயே பேச வைத்தார்.

மூன்றாவது ஊற்று இந்தியா. மேற்கத்தியப் பாட்டு, கார்டுகள் எனப்படும் சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி முன்னே நகரும். ஆதார சட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே ஆழ்ந்துபோகும் முறையை ரவிசங்கரின் இசைத்தட்டுகள் மேற்கத்திய இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தன. கோல்ட்ரேன் 1965-ல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்றே பெயரிட்டார். தம்புராச் சுருதியோடும் தாளமில்லாமல் விரியும் ஆலாபனையோடும் வளர்ந்த தமிழ்க் காதுக்கு இந்த இசையின் பாதி இலக்கணம் முன்பே தெரிந்ததுதான்.

இவற்றோடு கருவிகளும் வந்து சேர்ந்தன. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டி 1962-லேயே கடைக்கு வந்துவிட்டது. வா-வா பெடல் 1967 வாக்கில் வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடாத் துண்டு வைத்து, புல்லாங்குழல், வயலின் ஒலிகளை எழுப்பும் மெல்லட்ரான் பர்மிங்காமில் தயாரானது. மூக், புக்லா ஆகியோரின் சிந்தசைசர்கள் அமெரிக்காவிலும், வி.சி.எஸ்.3 என்ற சிறிய சிந்தசைசர் 1969-ல் லண்டனிலும் கிடைக்கலாயின.

லண்டன்: நாடாவும் கத்தரியும்

பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 1966 ஆகஸ்ட் 5-ல் வெளியானது. தொகுப்பின் கடைசிப் பாடலான 'டுமாரோ நெவர் நோஸ்' தான் அதற்காக முதலில் பதிவானது. ஏப்ரல் 6-ல் அபி ரோட் கூடத்தில் அந்த வேலை தொடங்கியது. பாட்டு ஏறத்தாழ ஒரே கார்டில் நிற்கிறது. அடியில் தம்புரா ஒலிக்கிறது. ரிங்கோ ஸ்டாரின் முழவு ஒரே நடையை மாற்றாமல் அடிக்கிறது. ஜான் லெனனின் குரலை ஹாமண்ட் ஆர்கனுக்கான சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியே செலுத்தி, அதை மறுபடி மைக்கில் பிடித்தார் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக். வட்டமாக ஒட்டிய ஐந்து நாடாக்கள் வெவ்வேறு இயந்திரங்களில் ஒரே நேரத்தில் சுழல, அவற்றின் ஒலிகளை வேண்டிய இடத்தில் ஏற்றியும் இறக்கியும் கலந்தார்கள். மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் இந்தப் பாட்டில் அடுத்த பத்தாண்டின் உத்திகள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன.

அதே குழு 1967 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' வேறொரு துணிச்சல். வெவ்வேறு சுருதியிலும் வேகத்திலும் பதிவான இரண்டு வடிவங்கள் லெனனுக்குப் பிடித்திருந்தன. ஒன்றின் முற்பகுதியையும் மற்றதன் பிற்பகுதியையும் இணைக்கச் சொன்னார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் எமரிக்கும் நாடாக்களின் வேகத்தை மாற்றிச் சுருதியைப் பொருத்தி, ஒரு நிமிடம் கழியும் இடத்தில் ஒட்டினார்கள். அந்த இணைப்புக்குப் பிறகு லெனனின் குரல் சற்றே கனத்து, கனவில் பேசுவதுபோல ஒலிக்கிறது.

அபி ரோட்டிலேயே 1967-ல் பதிவான மற்றொரு தட்டு, பிங்க் ஃபிளாய்டின் முதல் தொகுப்பான 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்'. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், அதற்கு முன் பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர். லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் 1966 டிசம்பரில் தொடங்கிய யு.எஃப்.ஓ. கிளப்பில், சுவரில் படரும் வண்ணத் திரவ ஒளிகளுக்கு நடுவே இந்தக் குழு விடிய விடிய வாசித்துவந்தது. அந்த இரவுகளின் சாரம் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்ற பத்து நிமிட வாத்திய இசையில் இருக்கிறது. இறங்குமுகமான ஒரு கிட்டார் வரி தொடங்கி, சிதறி, வெற்றொலிகளில் கரைந்து, கடைசியில் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் இடையே ஊசலாடியபடி திரும்பி வருகிறது. சிட் பாரெட் எதிரொலிப் பெட்டியின் துணையோடு வாசிக்கும் கிட்டார், சுரத்தைவிட ஒலியின் வடிவத்தையே தேடுகிறது. அதே தட்டில் குழந்தைப் பாடல்போல எளிமையான பாட்டுகளும் உண்டு. அந்த இரண்டு முகங்களும் சேர்ந்ததுதான் பாரெட்டின் தனித்தன்மை.

யு.எஃப்.ஓ. கிளப்பின் இன்னொரு குழு, கேன்டர்பரி நகரத்து நண்பர்கள் அமைத்த சாஃப்ட் மெஷின். கிட்டாருக்குப் பதிலாக, மைக் ராட்லெட்ஜின் ஆர்கன் ஃபஸ் பெட்டி வழியே உறுமும். ராபர்ட் வயட் முழவு வாசித்தபடியே மெல்லிய குரலில் பாடுவார். ஜிமி ஹென்ட்ரிக்ஸோடு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது பதிவான 1968-ன் முதல் தொகுப்பில் பாட்டுகள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பாய்கின்றன. 1970-ன் 'தேர்ட்' பக்கத்துக்கு ஒரு படைப்பாக நான்கு பக்கங்களில் ஜாஸை நோக்கி நகர்கிறது.

பி.பி.சி. ரேடியோஃபோனிக் பட்டறையில் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை மின்னணு ஒலிகளாக உருவாக்கிய டெலியா டெர்பிஷயர், பிரையன் ஹாட்ஜ்சன் என்ற சக ஊழியரோடும் டேவிட் வோர்ஹவுஸ் என்ற இளைஞரோடும் சேர்ந்து ஒயிட் நாய்ஸ் என்ற பெயரில் 1969-ல் 'ஆன் எலக்ட்ரிக் ஸ்டார்ம்' தொகுப்பை வெளியிட்டார். நாடாத் துண்டுகளைக் கையால் ஒட்டி ஒட்டிக் கட்டிய பாப் பாடல்கள் முதல் பக்கத்தில் உள்ளன. இரண்டாம் பக்கம் நடுக்கத்தை உண்டாக்கும் ஒலிநாடகம். வெளியானபோது அதிகம் விற்காத இந்தத் தட்டைப் பின்வந்த மின்னணு இசைக்கலைஞர்கள் பலர் முன்னோடியாகக் கொண்டார்கள்.

அமெரிக்கா: கலைந்த ஒழுங்கு

டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்துக் குழுவான 13த் ஃபுளோர் எலிவேட்டர்ஸ் 1966-ல் வெளியிட்ட முதல் தொகுப்பு, தலைப்பிலேயே தன்னைச் சைக்கடெலிக் என்று அறிவித்துக்கொண்டது. பாடகர் ராக்கி எரிக்சனின் கூவலுக்கு அடியில் குமிழியிடுவதுபோல ஓர் ஓசை தொடர்ந்து கேட்கும். டாமி ஹால் ஜாடியை மைக்கோடு சேர்த்துப் பிடித்து வாயால் எழுப்பிய ஓசை அது. ஹூஸ்டனின் ரெட் கிரேயோலா 1967-ல் வெளியிட்ட 'த பேரபிள் ஆஃப் அரபிள் லேண்ட்' இன்னும் ஒரு படி மேலே போனது. ஏறக்குறைய ஐம்பது நண்பர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் தட்டி ஊதி எழுப்பிய இரைச்சல் அலைகளிலிருந்து பாட்டுகள் மேலெழுந்து, மறுபடி அதற்குள்ளேயே மூழ்குகின்றன.

சான் பிரான்சிஸ்கோவின் கிரேட்ஃபுல் டெட் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஃபில் லெஷ், இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோவிடம் மில்ஸ் கல்லூரியில் பயின்றவர். அந்தப் பயிற்சி 1968-ன் 'ஆந்தம் ஆஃப் த சன்' தொகுப்பில் தெரிகிறது. வெவ்வேறு கச்சேரிகளின் பதிவுகளையும் கூடத்தில் செய்த பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால், ஒரே பாட்டு ஒரே நேரத்தில் பல அரங்குகளில் நடப்பதுபோல ஒலிக்கிறது. மறுபுறம், 1969-ன் 'லைவ்/டெட்' தொகுப்பிலுள்ள 23 நிமிட 'டார்க் ஸ்டார்' கூடத்து வித்தை எதுவும் இல்லாமல் அதே எல்லையைத் தொடுகிறது. ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அந்த ஆண்டு பிப்ரவரியில் பதிவான இந்த வாசிப்பில் யாரும் முன்னணியில் இல்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி வளர்க்கிறார்கள். நல்ல கச்சேரியில் பாடகரும் வயலின் கலைஞரும் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதைப் போற்றுபவர்களுக்கு இந்த உரையாடல் உடனே பிடிபடும்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' 1968 அக்டோபரில் வெளிவந்த இரட்டைத் தட்டு. அதிலுள்ள '1983' என்று தொடங்கும் 13 நிமிடப் படைப்பில் ஹென்ட்ரிக்ஸும் ஒலிப்பதிவாளர் எடி கிராமரும் கிட்டாரைக் கடற்பறவையின் ஒலியாகவும் நீருக்கடியின் முழக்கமாகவும் மாற்றினார்கள். போரால் பாழான நிலத்தை விட்டு இருவர் கடலுக்குள் போகும் கதை அது. கிட்டார் வேகத்துக்காக மட்டும் ஹென்ட்ரிக்ஸைக் கொண்டாடுபவர்கள் இந்த ஒரு படைப்பை முழுமையாகக் கேட்பது அவசியம். ஒலிப்பதிவுக் கலையில் அவர் எவ்வளவு தூரம் போயிருந்தார் என்பது அப்போது விளங்கும்.

கிட்டாரையே ஒதுக்கிவைத்தவர்களும் உண்டு. ஜோசஃப் பேர்ட் தொடங்கிய 'த யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற குழு 1968-ல் அதே பெயரில் வெளியிட்ட ஒரே தொகுப்பில் மின் வயலின், ரிங் மாடுலேட்டர், கையால் கட்டிய சிந்தசைசர் ஆகியவை வருகின்றன. டாரத்தி மாஸ்கோவிட்ஸின் அமைதியான குரலைச் சுற்றி அணிவகுப்பு வாத்தியங்களும் மின்னணு ஊளைகளும் மோதுகின்றன. நியூயார்க்கின் சில்வர் ஆப்பிள்ஸ் இருவரே கொண்ட குழு. சிமியோன் காக்ஸ் பழைய ஆசிலேட்டர்களை அடுக்கிக் கட்டிய இயந்திரத்தைக் கையாலும் முழங்கையாலும் காலாலும் இயக்குவார். டேனி டெய்லர் முழவு வாசிப்பார். 1968-ன் அவர்களுடைய முதல் தட்டில் கேட்கும் துடிப்பு, பல ஆண்டுகள் கழித்து வந்த மின்னணு நடன இசையை அப்போதே எட்டிப்பிடித்தது.

டெர்ரி ரைலியின் 'எ ரெயின்போ இன் கர்வ்ட் ஏர்' 1969-ல் வந்தது. எல்லா வாத்தியங்களையும் ரைலி ஒருவரே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்தார். ஆர்கனின் சிறு சுரக்கோவைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. அடுத்த ஆண்டிலிருந்து ரைலி, இந்துஸ்தானி இசைக்கலைஞர் பண்டிட் பிராண் நாத்திடம் முறையாகப் பயின்று, அவருடைய சீடராகவே வாழ்ந்தார்.

ஜெர்மனி: புதிதாகத் தொடங்கியவர்கள்

இந்தப் பத்தாண்டின் மிகத் துணிச்சலான இசை மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. போருக்குப் பின் வளர்ந்த அந்தத் தலைமுறைக்குப் பெற்றோர் காலத்துப் பாட்டுகளைத் தொட மனம் வரவில்லை. அமெரிக்க ப்ளூஸை நகலெடுத்துக் காலம் தள்ளவும் விருப்பமில்லை. எனவே அடித்தளத்திலிருந்தே புதிதாகக் கட்டினார்கள். அருகிலேயே கொலோன் மின்னணு இசைக்கூடம் இருந்தது பெரிய பலம்.

கேன் குழுவின் ஹோல்கர் சூகாயும் இர்மின் ஷ்மிட்டும் ஸ்டாக்ஹவுசனின் மாணவர்கள். முழவுக் கலைஞர் யாக்கி லீபெட்சைட் கட்டற்ற ஜாஸிலிருந்து வந்தவர். பாடகர் டாமோ சுசூகி ஜப்பானியர். மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்த அவரைப் பார்த்த அன்றே மேடைக்கு அழைத்தார்கள். கொலோனுக்கு அருகிலுள்ள ஒரு பழைய கோட்டையில் இவர்கள் மணிக்கணக்கில் வாசிப்பார்கள். அந்த நாடாக்களைச் சூகாய் வெட்டித் தொகுத்து, படைப்பாக உருக்கொடுப்பார். 1971-ல் வந்த 'டாகோ மாகோ' இரட்டைத் தட்டு இந்த முறையின் உச்சம். 'ஹாலலூவா' 18 நிமிடத்துக்கு மேல் ஒரே தாளக்கட்டில் ஓடுகிறது. லீபெட்சைட் அதை இம்மியும் தளரவிடாமல் பிடித்திருக்க, மேலே கிட்டாரும் ஆர்கனும் குரலும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அடுத்த பக்கத்தின் 'அவும்ன்' தாளத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, இருண்ட ஒலிவெளிக்குள் இறங்குகிறது. பரிசோதனை இசையும் உடலை ஆடவைக்கும் இசையும் ஒரே தட்டில் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்தது அரிது.

ஃபவுஸ்ட் குழு வூம்மே என்ற சிற்றூரில் ஒரு பழைய பள்ளிக்கட்டடத்தை ஒலிப்பதிவுக் கூடமாக்கி அங்கேயே குடியிருந்தது. 1971-ல் வந்த முதல் தொகுப்பு, எக்ஸ்ரேயில் தெரியும் மூடிய கைமுட்டியோடு ஊடுருவித் தெரியும் தட்டாக வெளியானது. பிரபலமான பாடல்களின் துணுக்குகள் இரைச்சலில் கரைந்துபோவதோடு அது தொடங்குகிறது. 1973-ல் வந்த 'த ஃபவுஸ்ட் டேப்ஸ்' ஒட்டுவேலையின் உச்சம். வர்ஜின் நிறுவனம் அதை ஒரு சிங்கிள் தட்டின் விலைக்கு விற்றதால் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் அந்த விசித்திர இசை நுழைந்தது.

நொய் குழுவின் கிளவுஸ் டிங்கரும் மிஷாயேல் ரோதரும், ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்கோடு 1971 இறுதியில் நான்கே இரவுகளில் முதல் தொகுப்பைப் பதிவுசெய்தார்கள். அதிலுள்ள 'ஹாலோகாலோ' பத்து நிமிடத்துக்கு நேர்கோட்டில் செல்லும் தாளம். ஏற்றமோ இறக்கமோ உச்சமோ கிடையாது. இரண்டாம் தொகுப்பைச் செய்யும்போது நடுவழியில் பணம் தீர்ந்தது. முன்பே வெளியான தங்கள் சிங்கிள் தட்டின் பாடல்களை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு மீதிப் பக்கத்தை நிரப்பினார்கள்.

தாளத்தை விட்டு ஒலிவெளியைத் தேடியவர்கள் பெர்லினிலும் மியூனிக்கிலும் இருந்தார்கள். டாஞ்சரின் டிரீமின் 1972-ன் 'சைட்' நான்கு பக்கங்களுக்கு நான்கு படைப்புகள் கொண்டது. நான்கு செல்லோக்களின் நீண்ட சுரத்தில் தொடங்கிக் காலம் உறைந்துவிட்டதுபோல நகர்கிறது. அதே குழுவின் 'ஃபேட்ரா' 1974-ல், சுரக்கோவையைத் தானே திரும்பத் திரும்ப இசைக்கும் மூக் சீக்வென்சரின் துடிப்பை முன்னுக்குக் கொண்டுவந்தது. சூடேறிய கருவியின் சுருதி மெல்ல விலகுவதும் பதிவிலேயே கேட்கிறது. போப்போல் வூ குழுவின் ஃபுளோரியன் ஃப்ரிக்கே முதலில் மூக் இயந்திரத்தில் மூழ்கியவர். பிறகு அதை அறவே விட்டு, பியானோ, ஓபோ, தம்புரா, சோப்ரானோ குரல் ஆகியவற்றோடு 1972-ல் 'ஹோசியானா மந்த்ரா'வைப் படைத்தார். பக்தியின் அமைதி நிறைந்த இந்தத் தட்டு, சைக்கடெலிக் இசை என்றால் ஆரவாரம்தான் என்ற எண்ணத்தை மாற்றிவிடும்.

பிரேசிலும் பிற நாடுகளும்

பிரேசிலில் இந்த இசை அரசியல் துணிச்சலும் கூட. ராணுவ ஆட்சியின் கீழ் காயெட்டானோ வெலோசோவும் ஜில்பெர்ட்டோ ஜில்லும் தொடங்கிய ட்ரோப்பிகாலியா இயக்கம், நாட்டுப்புறத் தாளங்களை மின்கிட்டாரோடும் மேற்கத்திய அவான்கார்ட் இசையோடும் கலந்தது. அந்த இயக்கத்தின் இளம் குழுவான ஓஸ் முட்டான்டெஸ் 1968-ல் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஒலிமாற்றுக் கருவிகளைக் குழுவிலிருந்த இருவரின் அண்ணன் வீட்டிலேயே கட்டிக்கொடுத்தார். முதல் பாட்டின் நடுவே தட்டு ஓடும் இயந்திரம் மின்சாரம் போய் நிற்பதுபோல ஒலி தேய்ந்து அடங்குகிறது. பின் மறுபடி எழுகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்சி ஒடுக்குமுறைச் சட்டத்தைக் கடுமையாக்கியதும் வெலோசோவும் ஜில்லும் கைதானார்கள். 1969-ல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, 1972-ல்தான் நாடு திரும்பினார்கள்.

ஜப்பானின் ஃபிளவர் டிராவலின் பேண்ட் 1971-ல் வெளியிட்ட 'சத்தோரி' ஐந்து பகுதிகள் கொண்ட ஒரே படைப்பு. கனத்த ராக் இசைக்கு மேல் கீழைநாட்டுச் சாயலோடு கிட்டார் சுழல்கிறது. துருக்கியில் எர்கின் கோராய் 1974-ன் 'எலெக்ட்ரோனிக் டுர்குலெர்' தொகுப்பில் அனதோலிய நாட்டுப்பாடல்களை ஃபஸ் கிட்டாரோடும் மின்னேற்றிய பாக்லாமா என்ற தந்தி வாத்தியத்தோடும் மீட்டுருவாக்கினார். அதே நாட்டுப் பாடகி செல்டா பாக்ஜான் 1976-ல் வெளியிட்ட தட்டில் ஏழைகளின் குரலாகவே பாடினார். 1980-ல் நடந்த ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் சிறைக்கும் போனார். ஜாம்பியாவின் அமனாஸ் குழு 1975-ல் வெளியிட்ட 'ஆஃப்ரிக்கா' தொகுப்பு, ஃபஸ் கிட்டாரின் ஏக்கத்தை ஆங்கிலத்திலும் தாய்மொழியிலும் பாடியது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தொடர்பு

இந்த இசை வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்த ராமசாமி, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் துறவறம் பெற்றுச் சுவாமி சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின் 1966-ல் நியூயார்க் சென்றார். 1969 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய உட்ஸ்டாக் இசைவிழாவில், பல லட்சம் இளைஞர்கள் முன்னிலையில் தொடக்க உரை ஆற்றியவர் அவர்.

கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-ல் இறந்த பிறகு ஆழ்ந்த துயரத்தில் இருந்த ஆலிஸ் கோல்ட்ரேன், சச்சிதானந்தரை ஆன்மிக வழிகாட்டியாக ஏற்றார். 1971-ல் வெளியான 'ஜர்னி இன் சச்சிதானந்தா' அவருக்கே காணிக்கை. பெரும்பகுதி ஆலிஸின் வீட்டுக் கூடத்தில் பதிவானது. தம்புரா தொடங்க, செசில் மெக்பீயின் பேஸ் ஒரு சிறு சுரக்கோவையை விடாமல் திரும்பச் சொல்கிறது. அதன்மேல் ஆலிஸின் ஹார்ப் நீர்த்துளிகளாக உதிர, ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் நிதானமாக விரிகிறது. ஜாஸ் உலகத்துத் தட்டுதான் என்றாலும், சுருதியில் நிலைத்து மனத்தை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகும் சைக்கடெலிக் நோக்கம் இதில் நிறைவேறிய அளவுக்கு வேறெதிலும் நிறைவேறியதில்லை.

போதையும் இழப்பும்

இந்த இசையின் பின்னணியில் எல்.எஸ்.டி. இருந்தது உண்மை. பிரிட்டனிலும் கலிபோர்னியாவிலும் 1966-லேயே சட்டம் அதைத் தடைசெய்தது. கலைஞர்கள் கொடுத்த விலை பெரிது. சிட் பாரெட் மனநிலை குலைந்து 1968-ல் பிங்க் ஃபிளாய்டை விட்டு விலகினார். பின்னாளில் இசையையே விட்டு, 2006-ல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜில் ஒதுங்கி வாழ்ந்தார். ராக்கி எரிக்சன் 1969-ல் கஞ்சா வழக்கில் சிக்கி, 1972 வரை மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். தம் இசையைப் போதையோடு சேர்த்துக் கேட்பதை ரவிசங்கர் கடைசிவரை கண்டித்துவந்தார். அவர் சொன்னது சரி. அபி ரோட்டில் நாடாவைச் சுருதி பிசகாமல் ஒட்டிய கைக்கும், பதினெட்டு நிமிடம் தாளம் தளராமல் வாசித்த கைக்கும் தெளிவும் பயிற்சியுமே மூலதனம். கேட்பவருக்கும் கவனம் ஒன்றே போதும்.

எந்த வரிசையில் கேட்கலாம்

புதிதாகத் தொடங்குபவர் பாட்டிலிருந்து ஒலிவெளிக்குப் படிப்படியாகப் போவது நல்லது.

முதல் படி: 'ரிவால்வர்', 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்', ஓஸ் முட்டான்டெஸின் முதல் தொகுப்பு. மூன்றிலும் பாட்டின் சட்டகம் குலையவில்லை. பரிசோதனை அதற்குள்ளேயே நடக்கிறது.

இரண்டாம் படி: 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்', 'த யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா', சில்வர் ஆப்பிள்ஸின் முதல் தட்டு, 'எலெக்ட்ரோனிக் டுர்குலெர்'. இங்கே வாத்தியங்களின் அடையாளமே மாறுகிறது.

மூன்றாம் படி: 'லைவ்/டெட்', நொய் குழுவின் முதல் தொகுப்பு, 'டாகோ மாகோ', 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. நீண்ட நேரம் ஒரே இடத்தில் தங்கிக் கேட்கும் பொறுமையை இவை வளர்க்கும்.

நான்காம் படி: 'எ ரெயின்போ இன் கர்வ்ட் ஏர்', 'ஹோசியானா மந்த்ரா', 'ஆன் எலக்ட்ரிக் ஸ்டார்ம்', 'த ஃபவுஸ்ட் டேப்ஸ்', 'சைட்'. ராக் இசையின் அடையாளங்கள் இவற்றில் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர் மூன்றாம் படியிலிருந்தே தொடங்கலாம். சுருதியும் நீண்ட விரிவாக்கமும் அவருக்குப் புதிதல்ல. தாமதமாக வரும் மாற்றத்துக்குக் காத்திருக்கவும் அவருக்குத் தெரியும்.

கேட்கும் முறையும் முக்கியம். எல்.பி. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். படைப்பாளிகள் அந்த அளவை மனத்தில் வைத்தே இசையைக் கட்டினார்கள். பாட்டுகளைப் பிரித்து எடுத்துக் கலைத்துப் போட்டுக் கேட்டால் இணைப்புகள் அறுந்துவிடும். ஒலிபெருக்கிகளுக்கு இடையே ஒலி நகரும் வித்தை கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்காது. இரண்டு ஒலிபெருக்கிகளோ நல்ல ஹெட்போனோ வேண்டும். முதல் முறை குழப்பமாகத் தோன்றும் தட்டு இரண்டாம், மூன்றாம் முறையில் தன் ஒழுங்கைக் காட்டும்.

1975 வாக்கில் இந்த அலை தணிந்தது. சிந்தசைசர் எளிதில் கிடைக்கும் கருவியானது; பங்க் இசை நீண்ட படைப்புகளுக்கு எதிராக எழுந்தது. ஆனால் கண்டுபிடிப்புகள் வீணாகவில்லை. வட்ட நாடாவின் தர்க்கம், ஒலித்துணுக்குகளைப் பதிந்து மீட்டொலிக்கும் சாம்ப்ளர் கருவியில் தொடர்ந்தது. ஜெர்மானியரின் துடிப்பு மின்னணு நடன இசைக்கு அடித்தளமானது. டாஞ்சரின் டிரீமின் ஒலிவெளி ஆம்பியன்ட் இசையிலும் திரைப்படப் பின்னணி இசையிலும் கலந்தது. அன்று பல நாள் உழைத்து நாடாவில் செய்ததை இன்று ஒரு மடிக்கணினி நொடியில் செய்துவிடும். அந்த வசதி இல்லாத காலத்தில், வெட்டினால் திரும்ப ஒட்ட முடியுமா என்று தெரியாமலே வெட்டியவர்களின் துணிவு இந்தத் தட்டுகளின் ஒவ்வொரு நிமிடத்திலும் கேட்கிறது. இவற்றைத் தேடிக் கேட்பதற்கு அந்தத் துணிவே போதிய காரணம்.